பதினொரு வில்லைகள்

வெள்ளம் வடிந்து பதினாறாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. மின்னஞ்சல்தான். கைப்பேசியில் அதைப் படித்து முடிக்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. எழுத்தைப் பெருப்பித்தால் வரி ஓடிவிடுகிறது. வரியைப் பிடித்தால் எழுத்துச் சிறுத்துவிடுகிறது. இடது கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து ஏழு மாதம். வலது கண்ணுக்கு இன்னும் நாள் தரவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டேன்.

எழுதியிருந்தவர், நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கும் ஒரு பெண். என்னைப் பார்த்ததில்லை. நான் ஓய்வுபெற்று மண்டூருக்குத் திரும்பிய வருஷம் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். அந்த ஆய்வுகூடத்தின் பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதமாட்டேன். வெளியேறும்போது ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன்; அதில் பதினெட்டு நிபந்தனைகள். இன்று அவற்றைக் கவனிக்க ஆளிருக்குமோ தெரியாது. கையெழுத்து வைத்தது வைத்ததுதான். குளிர் நாடு, முப்பத்தொரு வருஷம். அவ்வளவு போதும்.

என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். அணு என்ற சொல் வாயிலிருந்து விழுந்தவுடன் குண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். நான் குண்டைக் கண்டதில்லை. நான் கண்டது பீங்கான். அணு உலைக்குள் எரிபொருளாக வைப்பது பளபளக்கும் உலோகமல்ல. யுரேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்புத் தூளை அழுத்தி, சூளையில் சுட்டு எடுத்த சிறிய வில்லை. சுண்டுவிரல் நுனி அளவு. நாம் சோறு தின்னும் பீங்கானுக்கு என்ன குணமோ அதே குணம்தான் இதற்கும். சூட்டைத் தாங்கும், உருகுவதற்கு இரண்டாயிரத்து எண்ணூறு பாகைக்கு மேல் வேண்டும். ஆனால் பட்ட சூட்டை மறுபக்கத்துக்குக் கடத்த அதற்கு மனம் வராது. அதனால் உலைக்குள் நடுப்பகுதி தகிக்கும்போது விளிம்பு அதைவிட ஆயிரம் பாகை குறைவாகக் கிடக்கும். நடு விரியப் பார்க்கும், விளிம்பு விடாது. வளையத் தெரியாத சாமான், வெடிக்கிறது. முதல் நாளே வெடிக்கும். அதை யாரும் குறையாக எடுப்பதில்லை. வெடித்த துண்டுகளை வெளியே இருக்கும் குழாய் பிடித்துக்கொள்ளும். கவலை வேறு. நடுப்பகுதி உருகுநிலைக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்பதுதான் கவலை. அதைச் சொல்வது வெப்பக் கடத்தாறு, அதாவது சூட்டை எவ்வளவு கடத்துகிறது என்ற ஒரே ஒரு எண். அந்த எண்ணை அளப்பது என் வேலை.

வில்லையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை அறுத்து, சிறிய உலைக்குள் வைத்து, ஒரு முகத்தில் லேசர் ஒளியை ஒரு கணம் அடிப்போம். மறுமுகம் சூடேற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்போம். அந்த நேரத்திலிருந்து எண் வரும். ஒன்பது வெப்பநிலைகள், ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம். ஒரு வில்லைக்குப் பதினெட்டு எண்.

வில்லைகளைச் செய்து தந்தவர் அந்த நாட்டுக்காரர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வில்லையில் ஒட்சிசன் கொஞ்சம் கூடிவிட்டாலும் கடத்தாறு விழுந்துவிடும். ஆகவே சூளைக்குள் ஐதரசனை ஓடவிட்டு அந்த மிகுதியை இழுத்தெடுக்க வேண்டும். அதில் அவர் ஒரு பிசாசு. விளிம்பில் ஒரு பொருக்கு உதிர்ந்திருந்தால் போதும், தட்டில் வைக்கமாட்டார். வாய் மட்டும் சுத்தமில்லை. தட்டை வாங்கி நான் எண்ணத் தொடங்கினால், மூன்று தரம் எண்ணினாயா நாலு தரமா, நாலாவது தரம் குட்டி போட்டிருக்கும் பார் என்பார். எங்கள் வீட்டுக்கு ஐந்து முறை சாப்பிட வந்திருக்கிறார். மனைவி வைத்த இறால் ஆணத்தைக் கண்ணீர் வடிய வழித்துத் தின்றுவிட்டு, இதன் உருகுநிலை என்ன என்று என்னிடம் கேட்டார். அவர் இறந்து ஆறு வருஷம்.

கடிதத்தின் விஷயம் இதுதான். புதுவகை எரிபொருள் ஒன்றுக்காகப் பழைய அளவுகளையெல்லாம் சேர்த்து ஒரு அட்டவணை செய்கிறார்கள். அதில் என் அளவுத் தொடர் ஒன்று, பதினொரு வில்லைகள், மற்ற எல்லோருடையதையும்விட நூற்றுக்கு ஐந்து குறைவாகக் கிடக்கிறது. ஆகவே அதை விலக்கப் போகிறார்கள். விலக்குவதற்குக் காரணம் எழுத வேண்டும் அல்லவா? எழுதியிருந்தார்கள். இந்த வில்லைகளில் ஒட்சிசன் மிகையாக இருந்திருக்கலாம். தயாரிப்பு நம்பத்தக்கதல்ல. இரண்டு வசனம். ஆறு வாரத்தில் அட்டவணை முடிந்துவிடும், அதற்குள் இந்த வில்லைகளின் தயாரிப்பைப் பற்றி உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். என் குறிப்புப் புத்தகத்தைப் படமெடுத்து நாற்பத்தாறு பக்கங்களையும் இணைத்திருந்தார்.

என் எண் விலக்கப்படுவது பற்றி எனக்கு ஒன்றுமில்லை. எண்கள் விலக்கப்படுவதுதான் அந்தத் தொழிலின் நடப்பு. எனக்கு முன்னால் அளந்தவர்களின் எண்களை நானும் விலக்கியிருக்கிறேன். என்னைப் படுக்கவிடாமல் செய்தது இரண்டாவது வசனம். அட்டவணையில் வில்லை செய்தவரின் முதலெழுத்துகள் இருக்கும். அதற்குப் பக்கத்தில், நம்பத்தக்கதல்ல. அவர் எழும்பி வந்து திட்டவும் முடியாது.

கைப்பேசியில் நாற்பத்தாறு பக்கங்களைப் பார்க்க என் கண்ணுக்கு வலுவில்லை. தாளில் எடுக்க வேண்டும் என்றால் வாவிக்கு அக்கரை போக வேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் கடப்போம். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் இரும்புத் தட்டை. அன்றைக்கு மோட்டார் சைக்கிள் பதினான்கு, முச்சக்கர வண்டி ஒன்று, ஆட்கள் முப்பத்தேழு. நிழலில் நிற்க இடம் இருந்தது ஒன்பது பேருக்கு. நான் பத்தாவது. அங்கிருந்து பஸ்ஸில் களுவாஞ்சிக்குடி. கடைக்காரப் பிள்ளை தாள்களை எடுத்துத் தந்தது. நான் எண்ணினேன், நாற்பத்தாறு சரி. திரும்பி வரும்போது பாதையில் வைத்துப் பார்த்தால் முப்பத்தோராம் பக்கம் இரண்டு தரம் இருக்கிறது, முப்பத்தெட்டு இல்லை. எண்ணிக்கை சரி, தாள் பிழை. மறுநாள் திரும்பவும் போனேன்.

பிறகு நான்கு நாள் மேசையிலிருந்து எழும்பவில்லை. எழும்பவில்லை என்றால், மனைவி சொல்வது அப்படி. ஏழு குளிசையையும் நேரத்துக்கு விழுங்கினேன். மின்சாரம் இரண்டு தரம் நின்றது. முழங்கால் வீங்கியது. வயல் வட்டையில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தூசி சன்னலால் வந்து தாள்மேல் படிந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மற்றவர்களின் எண்ணோடு வைத்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன்.

எல்லா இடத்திலும் ஐந்து. ஏறும்போதும் ஐந்து, இறங்கும்போதும் ஐந்து. குறைந்த சூட்டிலும் ஐந்து, கூடிய சூட்டிலும் ஐந்து.

அங்கேதான் எனக்கு விளங்கியது. ஒட்சிசன் மிகையாக இருந்தால் கடத்தாறு அப்படிக் குறையாது. குறைந்த சூட்டில் நிறைய விழும்; சூடு ஏற ஏற வித்தியாசம் கரைந்து போகும். இது அப்படியில்லை. தையற்காரன் ஒரே அளவாக வெட்டியதுபோலக் குறைந்திருக்கிறது. ஒரு பொருள் இப்படி ஒழுங்காகப் பிழை விடாது. இப்படி ஒழுங்காகப் பிழை விடுவது மனிதன் செய்த கணக்கு.

எந்தக் கணக்கு என்று தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சுட்ட வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். துளை கூடினால் கடத்தாறு குறையும். ஒருவர் வில்லையில் துளை கூட, இன்னொருவர் வில்லையில் குறைய என்றால் ஒப்பிட முடியாது. ஆகவே எல்லோரும் தங்கள் எண்ணை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அடர்த்தி என்ற பொது நிலைக்கு மாற்றித்தான் வெளியே கொடுப்பார்கள். இந்தப் பதினொன்றின் அடர்த்தி தொண்ணூற்றேழு. பொது நிலைக்கு மாற்றினால் எண் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறையும். ஒரு தரம் மாற்றினால் அது சரியான எண். இரண்டு தரம் மாற்றினால் ஐந்து அநியாயமாகப் போய்விடும்.

எங்கள் குறிப்புப் புத்தகத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. இடப்பக்கத்தில் அளந்தது, அளந்தபடியே. அதை அளந்தவன் எழுதுவான். வலப்பக்கத்தில் திருத்தம், கணக்கு. அதை எங்கள் பிரிவின் பட்டதாரி விஞ்ஞானி எழுதுவார். இடப்பக்கத்தில் யாரும் கணக்குப் பண்ணக் கூடாது. புதிதாக வருகிற எல்லோருக்கும் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பூதக்கண்ணாடியை எடுத்து இடப்பக்கங்களைப் பார்த்தேன். உள் ஓரத்தில், தையல் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் பொடியாக ஒரு கிறுக்கல். முதலாவது வில்லையில் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. படத்தில் மங்கிப் போயிருந்தாலும் அது என் கைதான். மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இரண்டு கண்ணும் நல்லது.

"துளை தி. எண்டு கிடக்கு," என்றாள். "துளை திருத்தினதெண்டா?"

"ஓம்."

"அப்ப நீங்க எழுதித்தானே வெச்சிரிக்கீங்க. மறுகா என்னத்துக்கு நாலு நாளா இந்தத் தாளோட கிறுகுறீங்க?"

எழுதித்தான் இருக்கிறது என்றேன். எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அங்க ஆருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமெண்டு எழுதினீங்க?"

நான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். அந்த வருஷம் ஒரு புதுப் பட்டதாரி வந்திருந்தார். துளைத் திருத்தத்தை இரண்டு முறை மறந்து விட்டுவிட்டார். இரண்டு முறையும் நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறையும் விடுவார் என்று எனக்கு நிச்சயம். ஆகவே அவரை நம்பாமல், சட்டத்தை மீறி, இடப்பக்கத்திலேயே திருத்திய எண்ணைப் போட்டுவிட்டேன். அந்த முறை அவர் மறக்கவில்லை. வலப்பக்கத்தில் ஒழுங்காகத் தன் திருத்தத்தைச் செய்திருக்கிறார். தேநீர் நேரத்தில் அவரிடம் வாயால் சொன்னதாக எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. இந்த வயதில் நினைவு நமக்கு வேண்டியதைத்தான் கொண்டுவந்து தருகிறது. அப்போது யாருக்கும் சந்தேகம் வராததற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஆளுக்காள் அளவில் நூற்றுக்கு ஐந்து வித்தியாசம் என்பது சாதாரணம்.

தமிழில் ஏன் எழுதினேன்? ஓரக்குறிப்பு எனக்கானது என்று நினைத்தேன். நாள் முழுக்க வேறு பாஷையில் பேசி, வேறு பாஷையில் எழுதி, பென்சிலைத் தீட்டியபின் கை தானாக இதை எழுதும். அன்றைக்கு மனைவி பக்கம் பக்கமாக வாசிக்க வாசிக்க நான் குறித்துக்கொண்டேன். மொத்தம் அறுபத்தொரு குறிப்பு. துளை தி. பத்து, மழை என்று பதினெட்டு இடத்தில். தேநீர் நாலு என்று ஒரு இடத்தில், ஏன் என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் ஒரே குறிப்புத்தான்: கடிதம் இல்லை, பத்து. கடிதம் இல்லை, பதினொன்று. இப்படியே நாள் கணக்கு. சண்டை நடந்த காலம். ஊரிலிருந்து தம்பியின் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தொன்றோடு அந்தக் குறிப்பு நின்றுவிடுகிறது, அடுத்த நாள் கடிதம் வந்திருக்க வேண்டும்.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"நாப்பத்தொண்டா? நான் நாப்பத்தேழு எண்டெல்லா எண்ணிக்கொண்டிருந்தன்."

முதலாவது பதிலை அன்று பின்னேரமே எழுதினேன். நான் திருத்தியதை ஓரத்தில் குறித்திருந்தேன், பட்டதாரி அதைக் கவனிக்கவில்லை என்று. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அடுத்த நாள் காலையில் வாசித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. செத்தவரைக் காப்பாற்ற உயிரோடு இருப்பவர் ஒருவரின் தலையில் வைத்துக் கட்டியிருக்கிறேன். அழித்துவிட்டேன். இரண்டாவது மூன்று பக்கம் வந்தது. அதில் இரண்டேகால் பக்கம் என் நியாயம். அதையும் அழித்தேன். மூன்றாவது பதில் ஏழு வசனம். இடப்பக்கத்தில் இருப்பது அளந்த எண் அல்ல, திருத்திய எண். திருத்தியவன் நான். யாருக்கும் அறிவிக்கவில்லை. அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாத பாஷையில் குறித்தேன், ஆகவே அதைக் குறித்ததாக எடுக்க வேண்டாம். பத்து வில்லைகளின் பக்கங்களில் அந்தக் குறி இருக்கிறது, பக்க எண்கள் இவை. பதினோராவது வில்லையின் பக்கத்தில் படம் ஓரத்தை வெட்டிவிட்டது, மூலப் புத்தகத்தைப் பாருங்கள். வில்லைகளில் ஒரு குற்றமும் இல்லை.

அனுப்பியபின் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருந்தது. காய்ச்சலோ என்று பார்த்தேன், தொண்ணூற்றெட்டு தசம் இரண்டு. முப்பத்தொரு வருஷம் ஒருவன் எதற்காகப் பெயர் எடுத்தானோ, அதை ஏழு வசனத்தில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். பொய் சொல்லவில்லை, அது பெருமையாகவும் இல்லை. களைப்பாக மட்டும் இருந்தது.

பதில் வர ஒன்பது நாள். அந்தப் பெண் நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஓரத்தில் இருந்தவற்றைப் பென்சிலைத் தீட்டிப் பார்த்த கீறல்கள் என்று நினைத்தார்களாம். இப்போது அங்கே படிக்க வந்திருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கொண்டு வாசித்துப் பார்த்தார்களாம், நான் சொன்னது சரியாம். பத்து வில்லைகளின் எண்களிலிருந்தும் ஒரு திருத்தத்தை எடுத்துவிட்டார்கள். அவை மற்றவர்களின் எண்களோடு வந்து பொருந்திவிட்டன. அட்டவணைக்குள் சேர்த்துவிட்டார்கள். தயாரிப்பைப் பற்றிய வசனம் இனி இல்லை. அதற்குப் பதிலாக, அளந்தவரின் அறிவிக்கப்படாத திருத்தம் நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. அளந்தவர் என்றுதான் இருக்கிறது. ஆனால் தொடரின் தலைப்பில் என் முதலெழுத்துகள் இருக்கின்றன, தேடுகிறவர்களுக்குத் தெரியும்.

பதினோராவது விலக்கப்பட்டது. சேமிப்பறையைக் காலி செய்தபோது மூலப் புத்தகங்களை எரித்துவிட்டார்கள். குறி இல்லாமல் திருத்தத்தை எடுக்க முடியாது. அதிலும் செய்தேன் என்று நீங்கள் சொல்வதை நான் தனிப்பட நம்புகிறேன், ஆனால் அட்டவணையில் அதற்கு இடமில்லை என்று எழுதியிருந்தார். ஆவணம் போதாமையால் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான் காரணம். மற்ற ஐம்பத்தொரு குறிப்புகளைப் பற்றி, விரும்பினால் அவற்றுக்கும் விளக்கம் தரலாம், கட்டாயமில்லை என்று ஒரு வரி.

அவை அளவோடு சம்பந்தப்பட்டவை அல்ல என்று பதில் போட்டேன். பதினோராவதைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன், செய்யாதவர்களை ஏசியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கடிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை. மனைவி நெல்லைக் கிளறிவிட்டு முற்றத்திலிருந்து வந்து, என்னவாம் என்று கேட்டாள். முழுவதையும் தமிழில் சொன்னேன். வில்லை செய்தவருடைய பெயரில் இப்போது ஒரு பழுதும் இல்லை அல்லவா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"மறுகா என்ன மூஞ்சி இது? பத்துக் காணாதா உங்களுக்கு?"

காணாது என்றேன். அவர் என் கையில் தந்தது பதினொன்று.